வேலையிடத்துக் கணினியை அனுமதியில்லாமல் சோதித்துப் பார்க்கலாமா?

கிள்ளானில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அலுவலகத்தில் வேலை பார்க்கும் 24 வயது இளைஞர், மாதக் கடைசியில் தம் சம்பளச் சீட்டை நிறுவனத்தின் இணையத்தளத்தில் திறக்கிறார். மேலே முகவரியின் கடைசியில் 1047 என்று ஓர் எண் இருக்கிறது. அது அவருடைய ஊழியர் எண். விளையாட்டாக அதை 1048 என்று மாற்றிப் பொத்தானைத் தட்டுகிறார். பக்கத்து மேசையில் இருக்கும் அக்காவின் சம்பளச் சீட்டு திரையில் வந்து நிற்கிறது. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், சேமநிதிப் பிடித்தம் என எல்லாமே அதில் இருக்கிறது.

அவர் திருடப் போகவில்லை. பூட்டு எதையும் உடைக்கவுமில்லை. ஓர் எண்ணை மாற்றினார், அவ்வளவுதான். ஆனால் நிறுவனத்தின் பாதுகாப்பில் பெரிய ஓட்டை இருப்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது? 1049, 1050 என்று தொடர்ந்து பார்த்து ஓட்டை எவ்வளவு பெரியது என்று அளப்பதா? முதலாளியின் சீட்டும் வருகிறதா என்று பார்ப்பதா? படம் எடுத்து வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் காட்டுவதா? வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லாரையும் எச்சரிப்பதா?

இன்று தோட்டத்திலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் பலர் கணினித் துறைக்குப் போகிறார்கள். பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ கணினிப் பாதுகாப்பு படித்தவர்கள் முதல் வேலையில் சேர்ந்ததும், கற்றதை அலுவலகத்திலேயே போட்டுப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. படிக்காதவர்களிடமும் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் சோதனைக் கருவிகள் இருக்கின்றன. பெற்றோர், முதலாளி, ஊழியர் ஆகிய மூன்று தரப்பினருக்கும் இது தொடர்பான சட்டமும் நெறிமுறையும் தெரிந்திருப்பது நல்லது.

ஒரே வேலை, இரண்டு பெயர்

ஒரு கணினி அமைப்புக்குள் நுழைய முடிகிறதா என்று திருடனைப் போலவே முயன்று பார்த்து, கண்ட ஓட்டைகளை உரிமையாளரிடம் எழுதிக் கொடுப்பதற்கு ஊடுருவல் சோதனை என்று பெயர். இது மதிப்புமிக்க தொழில். வங்கிகளும் மருத்துவமனைகளும் பணம் கொடுத்து இதைச் செய்விக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், சோதனையாளர் பயன்படுத்தும் மென்பொருளும் ஊடுருவுகிறவன் பயன்படுத்தும் மென்பொருளும் பெரும்பாலும் ஒன்றுதான். செய்யும் காரியமும் ஒன்றுதான். உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே இரண்டையும் பிரிக்கிறது.

‘நான் அந்த நிறுவனத்தின் ஊழியன்தானே, எனக்குத்தான் கடவுச்சொல் கொடுத்திருக்கிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. கொடுத்திருக்கிறார்கள், ஆனால் உங்கள் வேலைக்கு மட்டும். முன்பு தோட்ட ஆபீசில் கிராணியிடம் செக்ரோல் புத்தகம் இருந்தது. பேர் போடுவது அவர் வேலை. அதற்காக மானேஜரின் இரும்புப் பெட்டி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ராத்திரியில் அவர் திருகிப் பார்த்தால், உள்ளே கை வைக்காவிட்டாலும் மறுநாள் அவர் கிராணியாக இருந்திருக்க மாட்டார்.

மலேசியச் சட்டம் சொல்வது

மலேசியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம், அதாவது சட்டம் 563. 2000 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 3ஆவது பிரிவு, அனுமதியில்லை என்று தெரிந்தே கணினியிலுள்ள தகவலை அணுக முயல்வதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவை மெதுவாகப் படிக்க வேண்டும். கெட்ட எண்ணம் இருந்தது என்று அரசு தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. அணுக வேண்டும் என்ற நோக்கமும், அனுமதியில்லை என்ற அறிவும் இருந்தாலே போதும். திருடவோ ஏமாற்றவோ எண்ணியிருந்தால் அது 4ஆவது பிரிவுக்குப் போகும். அங்கே அபராதம் 150,000 ரிங்கிட் வரை, சிறை 10 ஆண்டு வரை. தகவலை மாற்றினாலோ அழித்தாலோ 5ஆவது பிரிவு. கடவுச்சொல்லை உரிமையில்லாத ஒருவருக்குச் சொன்னால் 6ஆவது பிரிவு, 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. ‘முயன்றேன், முடியவில்லை’ என்றாலும் தப்ப முடியாது; முயற்சியும் உடந்தையும் 7ஆவது பிரிவில் அடங்கும்.

ஊழியர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ‘அனுமதியின்றி’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள். அறவே அனுமதி இல்லாதவர் மட்டுமல்ல, கொடுத்த அனுமதியை மீறிப் போகிறவரும் அதில் வருகிறார். உங்களுக்கு உள்ளே நுழைய உரிமை உண்டு என்பதால் எல்லா அறைகளுக்கும் உரிமை வந்துவிடுவதில்லை.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. 8ஆவது பிரிவின்படி, தாம் வைத்திருக்க அனுமதியில்லாத கணினித் தகவல் ஒருவரின் கைவசம் இருந்தால், அவர் அதை அனுமதியின்றி அணுகிப் பெற்றதாகவே கருதப்படுவார். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. மேலே சொன்ன இளைஞர் ‘ஆதாரத்துக்காக’ இருபது பேரின் சம்பளச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், அந்தப் படங்கள் முதலில் அவருக்கு எதிரான ஆதாரமாகத்தான் ஆகும். அதை மற்றவர்களுக்கு அனுப்பினால் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தரவை வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதமின்றித் தெரிந்தே பிறருடைய தரவை எடுப்பதற்கும் வெளியிடுவதற்கும் அதன் 130ஆவது பிரிவில் 500,000 ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் இருக்கின்றன.

அப்படியானால் முதல் தடவை 1048 என்று மாற்றியது குற்றமா? கைதவறி எண் மாறியிருந்தால் நோக்கமும் இல்லை, அறிவும் இல்லை. வேண்டுமென்றே மாற்றினால் அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. வழக்கறிஞர்கள் இரு பக்கமும் வாதாடலாம். ஆனால் அடுத்தவர் சீட்டு வருகிறது என்று தெரிந்த பிறகு 1049ஐத் தட்டினால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல இடமில்லை. என்னைக் கேட்டால், நெறிமுறையின் கோடும் அங்கேதான் விழுகிறது. ஓட்டை இருக்கிறது என்பதை முதல் சீட்டே காட்டிவிட்டது. இரண்டாவது சீட்டு புதிதாக எதையும் நிரூபிக்கவில்லை.

இன்டெல் நிறுவனத்தில் நடந்தது

வேலையிடத்தில் தானாகச் சோதித்துப் பார்ப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டாக வரும் வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்தது. ரேண்டல் ஷ்வார்ட்ஸ் என்பவர் பெர்ல் என்னும் கணினி மொழி பற்றிப் புத்தகங்கள் எழுதிப் புகழ் பெற்றவர். இன்டெல் நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் கணினி நிர்வாகியாக வேலை பார்த்தார்.

அவர் ஒரு பிரிவில் வேலை செய்துவிட்டு வேறு பிரிவுக்கு மாறியிருந்தார். பழைய பிரிவில் தாம் போன பிறகு பாதுகாப்பு தளர்ந்துவிட்டது என்று எண்ணினார். 1993இல், ஓர் ஊழியரின் எளிதான கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து, அவர் பெயரில் உள்ளே போய், அந்தப் பிரிவின் கடவுச்சொல் கோப்பை எடுத்து, ‘கிராக்’ என்ற மென்பொருளில் ஓட்டினார். சுமார் 600 பேரில் 48 பேருடைய கடவுச்சொற்கள் வெளியே வந்தன. அதில் ஒரு துணைத் தலைவருடையதும் இருந்தது! பாதுகாப்பு தளர்ந்துதான் இருந்தது. அவர் நினைத்தது சரிதான்.

ஆனால் அதை அவர் நிர்வாகத்திடம் போய்ச் சொல்லுமுன், அந்த மென்பொருள் ஓடுவதை இன்னொரு நிர்வாகி பார்த்துவிட்டார். வெளியிலிருந்து நிறுவனக் கணினிக்குள் வர ஒரு வழியை அமைத்ததற்காக ஷ்வார்ட்ஸ் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தார். அதுவும் இப்போது அவருக்கு எதிராகச் சேர்ந்தது. 1995இல் நடுவர் குழு மூன்று குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என்றது. 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 480 மணி நேரச் சமூக சேவை, இன்டெலுக்குச் சுமார் 68,000 டாலர் இழப்பீடு என்று தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கறிஞர் செலவு அதையும் தாண்டியது. மேல்முறையீட்டிலும் குற்றத் தீர்ப்புகள் நிலைத்தன. 2007இல்தான் அவருடைய குற்றப் பதிவு நீக்கப்பட்டது. 1993இலிருந்து கணக்குப் போட்டால் பதினான்கு ஆண்டு.

தண்டனை அதிகம் என்று அன்றைக்கே கணினித் துறையினர் பலர் குரல் கொடுத்தார்கள். எனக்கும் அது அதிகமாகவே படுகிறது. எடுத்த கடவுச்சொற்களை அவர் விற்கவில்லை, தீய வழியில் பயன்படுத்தவுமில்லை. ஆனால் அவர் செய்தது சரியா என்பது வேறு கேள்வி. அவர் இன்னொரு ஊழியரின் பெயரில் உள்ளே போனார். தமக்கு இனிமேல் பொறுப்பில்லாத பிரிவில் கை வைத்தார். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த மூன்றில் கடைசி ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால், ஒரே ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால், அது பாராட்டில்கூட முடிந்திருக்கலாம். அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் அவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படியும் பாதுகாப்பு தளர்ந்தே இருந்திருக்கும், ஆனால் அது அவர் தலையில் விழுந்திருக்காது.

நல்ல எண்ணம் ஏன் போதாது

கோயில் உண்டியல் எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். தலைவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், இரவில் தனியாக உண்டியலைத் திறந்து ‘எண்ணிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாலு பேர் முன்னிலையில் திறந்து, எண்ணி, எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அது தலைவரைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. பின்னால் ஒரு பேச்சு வந்தால் அவரையே காப்பதற்காக. கணினிச் சோதனைக்குக் கேட்கப்படும் எழுத்துப்பூர்வ அனுமதியும் அப்படிப்பட்டதுதான்.

சொல்லாமல் சோதிப்பதில் உண்மையான சேதங்களும் உண்டு. கணினிப் பொறுப்பாளருக்குத் திரையில் ஓர் ஊடுருவல் தெரிகிறது. அது உள்ளிருக்கும் தம்பியின் ஆர்வமா, வெளிநாட்டுக் கும்பலா என்று அவருக்குத் தெரியாது. இணைப்பைத் துண்டித்து, வார இறுதியில் ஆள்களை வரவழைத்து, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுவார். அந்தச் செலவு உண்மையானது. 2025 ஜூன் 1 முதல், தனிநபர் தரவுக் கசிவு குறிப்பிட்ட அளவை எட்டினால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் வந்துவிட்டது. நீங்கள் ‘சும்மா’ பார்த்தது அந்தக் கடிகாரத்தை ஓட விட்டுவிடலாம்.

ஆலைகளில் ஆபத்து இன்னும் நேரடியானது. செம்பனை ஆலையிலோ ரப்பர் கையுறைத் தொழிற்சாலையிலோ இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் பல ஆண்டுகள் பழையவையாக இருக்கும். கட்டமைப்பில் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று தேடும் சாதாரண வருடல் மென்பொருளே அவற்றில் சிலவற்றை அப்படியே நிறுத்திவிடும். கொதிகலனுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும் நேரத்தில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மருத்துவமனைக் கருவிகளுக்கும் இதே கதைதான்.

பிறகு, சக ஊழியர்கள். சம்பளச் சீட்டு, மருத்துவ விடுப்புக் கடிதம், ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு, இவற்றை ஒரு தடவை பார்த்தபின் மறந்துவிட முடியாது. நம் சமூகத்தில் பக்கத்து மேசைக்காரர் பக்கத்துத் தாமானிலும் இருப்பார், ஒரே கோயிலுக்கும் வருவார். யாருக்கு எவ்வளவு கடன் பிடிக்கிறார்கள் என்பது தெரிந்த கண்ணோடு அவரை இனிமேல் எப்படிப் பார்ப்பது? நிறுவனத்திடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டாலும், அந்த அக்காவிடம் அனுமதி கேட்டது யார்?

சிங்கப்பூர் விடுதியில் ஓர் ஆர்வக்கோளாறு

2018 ஆகஸ்டில் கணினிப் பாதுகாப்பு மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் வந்திருந்தார் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த 23 வயதுப் பொறியாளர் ஒருவர். தங்கிய விடுதியின் வைஃபை அமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று ஆர்வத்தில் பார்த்தார். தயாரிப்பாளர் முதலில் வைத்த கடவுச்சொல்லே மாற்றப்படாமல் இருந்தது. அதை வைத்து உள்ளே போய், மேலும் துருவி, நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார். அதோடு நிற்கவில்லை, எப்படிச் செய்தேன் என்று விளக்கி, அந்தக் கடவுச்சொல்லையும் சேர்த்துத் தம் இணையப் பக்கத்தில் எழுதினார். நீதிமன்றம் 5,000 வெள்ளி அபராதம் விதித்தது.

சிங்கப்பூரின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் வெறும் அனுமதியற்ற அணுகலுக்கே முதல் குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை உண்டு. சேதம் ஏற்பட்டால் அது 50,000 வெள்ளி, 7 ஆண்டு என்று ஏறும். கடவுச்சொல்லை வெளியிடுவதற்குத் தனித் தண்டனை. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடக்கும் நம் ஆள்கள் இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் உட்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. இரு நாட்டுச் சட்டங்களுமே எல்லை தாண்டிய செயலையும் பிடிக்கும் வகையில் எழுதப்பட்டவை.

யாருடைய அனுமதி?

‘பாஸ் வாயால் சரி என்றார்’ என்பது அனுமதி ஆகாது. எழுத்தில் இருந்தாலும், கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்று பார்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்குள் இரவில் நுழைய முடிகிறதா என்று சோதிக்க, மாநில நீதித்துறையே கோல்ஃபயர் என்னும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்நிறுவன ஊழியர்கள் இருவர் உள்ளே போனார்கள், எச்சரிக்கை மணி அடித்தது, காவலர்கள் வந்தார்கள். கையிலிருந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினார்கள். ஆனால் கட்டடம் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். மாநிலம் எப்படி அனுமதி கொடுக்கலாம் என்று அவர்களைச் சிறையில் வைத்தார்கள். குற்றச்சாட்டு முழுவதுமாகக் கைவிடப்பட 2020 ஜனவரி ஆயிற்று. முறையாகச் செய்தவர்களுக்கே இந்தக் கதி.

நம் ஊரில் இது எங்கே இடிக்கும் என்றால், சம்பளக் கணக்கு, வருகைப் பதிவு, கடையின் கல்லா மென்பொருள் என்று பலவும் இன்று வேறு நிறுவனங்களிடமிருந்து வாடகைக்கு வாங்கப்படுபவை. உங்கள் முதலாளி அனுமதி கொடுத்தாலும் அந்த மென்பொருள் அவருடையதல்ல. அதன் உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும்.

முறையான அனுமதிக் கடிதத்தில் யார் சோதிக்கிறார், எந்தெந்தக் கணினிகளை, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எதைச் செய்யவே கூடாது, ஏதாவது நின்றுபோனால் நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது, கண்ணில் படும் தனிநபர் தகவலை என்ன செய்வது என்பதெல்லாம் இருக்கும். உரிமை உள்ளவரின் கையெழுத்தும் இருக்கும். இரண்டு பக்கம் போதும்.

கையில் திறமை இருக்கிறது, பக்கத்துக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இதைத் தொழிலாகச் செய்துகொடுக்கலாம் என்று எண்ணும் இளைஞர்களுக்கு இன்னொரு செய்தி. மலேசியாவில் 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 854, அவ்வாண்டு ஆகஸ்ட் 26இல் நடப்புக்கு வந்தது. வெளியாருக்கு ஊடுருவல் சோதனைச் சேவை வழங்க உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் செய்தால் 500,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 10 ஆண்டு வரை சிறை. சிங்கப்பூரிலும் 2022 ஏப்ரல் முதல் இந்தச் சேவைக்கு உரிமம் கட்டாயம்.

தற்செயலாகக் கண்டுவிட்டால்

சம்பளச் சீட்டு இளைஞரிடம் திரும்புவோம். அவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. முதலில் நிறுத்த வேண்டும். பக்கத்தை மூடிவிட்டு, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பக்கத்தில் இன்னது நடந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் தகவலைப் படம் எடுக்க வேண்டாம், இறக்கி வைக்க வேண்டாம். அன்றே மேலதிகாரிக்கோ கணினிப் பொறுப்பாளருக்கோ அலுவலக மின்னஞ்சலில் எழுத வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் சாரம் இப்படி இருக்கட்டும்: ‘இன்று காலை 9.40க்கு என் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது முகவரியில் உள்ள எண் மாறியதால் இன்னொருவருடைய சீட்டு தெரிந்தது. நான் உடனே மூடிவிட்டேன். எதையும் சேமிக்கவில்லை. தயவு செய்து சரிபார்க்கவும்.’

எண் எப்படி மாறியது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. நிறுவனத்தின் பதிவேட்டில் நேரமும் கணக்கும் இருக்கும். சின்னப் பொய் பெரிய சந்தேகத்தைக் கொண்டுவரும். ‘சரி செய்யாவிட்டால் வெளியே சொல்வேன்’, ‘கண்டுபிடித்ததற்கு எனக்கு என்ன தருவீர்கள்’ போன்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் வரவே கூடாது. மிரட்டிப் பறித்தல் என்ற வேறொரு குற்றத்தின் வாசனை அதில் வந்துவிடும்.

பதிலே வராவிட்டால்? ஒரு வாரம் கழித்து நினைவூட்டுங்கள், முடிந்தால் ஒரு படி மேலே உள்ளவருக்கும் நகல் வையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்திடம் ஓட்டையைப் பற்றித் தெரிவிக்கலாம். தனிநபர் தரவு என்றால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடமும் புகார் செய்யலாம். சிங்கப்பூரில் சிங்செர்ட் இருக்கிறது. அரசாங்கத் தளங்களில் கண்ட ஓட்டைகளைத் தெரிவிப்பதற்கென்றே அங்கு 2019 முதல் கவ்டெக் ஒரு திட்டம் நடத்துகிறது. பேஸ்புக்கில் போடுவது எந்தக் கட்டத்திலும் வழியல்ல. ஓட்டை அடைபடுமுன் ஊருக்கே வரைபடம் கொடுத்ததாகிவிடும்.

சொன்னவர்மேலேயே பாய்ந்தால்

இது நடக்கக்கூடியதுதான், மறைக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு சரியில்லை என்று ஒரு சின்னப் பையன் சொன்னால், அதைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கு முகம் கறுக்கும். ‘நீ எப்படி அங்கே போனாய்’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். விசாரணை என்று அழைத்தால், மேலே சொன்ன மின்னஞ்சலும் நேரக் குறிப்பும்தான் கைகொடுக்கும்.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, தவறான நடத்தைக்காக வேலை நீக்கம் செய்யுமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. அக்காலத்தில் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும். நியாயமின்றி நீக்கப்பட்டதாக எண்ணினால் 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையிடம் மனு செய்ய வேண்டும். அறுபத்தோராவது நாள் போனால் கதவு மூடிவிடும். சிங்கப்பூரில் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். போலீஸ் புகார் ஆகிவிட்டால், வாக்குமூலம் கொடுக்குமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். அது அரசியலமைப்பு கொடுத்த உரிமை. ‘நான் நல்லதுக்குத்தான் செய்தேன்’ என்று முழுக் கதையையும் தாமே எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு.

முதலாளி செய்யும் சோதனை

நெறிமுறை ஊழியருக்கு மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. நிறுவனங்கள் தம் ஊழியரை ஏமாற்று மின்னஞ்சல் அனுப்பிச் சோதிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நிறுவனத்துக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் உரிமை இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. 2020 டிசம்பரில், கோவிட் காலத்தில், அமெரிக்காவின் கோடாடி நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 650 டாலர் போனஸ் என்று மின்னஞ்சல் அனுப்பியது. சுமார் 500 பேர் நம்பி விவரங்களைக் கொடுத்தார்கள். போனஸ் இல்லை, நீங்கள் சோதனையில் தோற்றுவிட்டீர்கள் என்று பிறகு பதில் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தீபாவளிக்கு முன்வாரம் இங்கே யாராவது அப்படிச் செய்தால் என்ன பேச்சு வாங்குவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! சோதனை நடக்கும் என்று பொதுவாக முன்கூட்டிச் சொல்லி, தோற்றவர் பெயரைப் பலகையில் ஒட்டாமல், மறுபடி கற்றுக்கொடுப்பதுதான் முறை.

முதலாளிகள் இன்னொன்றும் செய்யலாம். அதற்குச் செலவே இல்லை. ‘கணினியில் ஏதாவது கோளாறு கண்டால் இந்த முகவரிக்கு எழுதுங்கள், நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் நடவடிக்கை இல்லை’ என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை. அது இருந்தால் இளைஞர்கள் இருட்டில் துழாவ மாட்டார்கள்.

கைத்துறுதுறுப்புக்கு இடம் உண்டு

கற்றதைச் செய்துபார்க்க வேண்டும் என்ற துடிப்பை அடக்கத் தேவையில்லை. இடத்தை மாற்றினால் போதும். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியில், வேண்டுமென்றே ஓட்டைகளோடு எழுதப்பட்ட ‘ஜூஸ் ஷாப்’ போன்ற இலவசப் பயிற்சித் தளத்தை நிறுவி உடைத்துப் பார்க்கலாம். ‘ஹேக் தி பாக்ஸ்’, ‘டிரைஹேக்மீ’ ஆகிய தளங்கள் சோதிப்பதற்கென்றே கணினிகளைத் திறந்து வைத்திருக்கின்றன. ‘ஹேக்கர்ஒன்’, ‘பக்கிரவுட்’ வழியாகப் பெரிய நிறுவனங்கள் ஓட்டை கண்டுபிடிப்போருக்குப் பணமே கொடுக்கின்றன. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கும். அதைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். சிங்கப்பூர் தற்காப்பு அமைச்சே 2018 தொடக்கத்தில் இப்படி வெளியாரை அழைத்துத் தன் தளங்களைச் சோதிக்கச் சொன்னது. முறையான 35 ஓட்டைகளுக்கு மொத்தம் 14,750 அமெரிக்க டாலர் கொடுத்தது.

வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது இந்தப் பயிற்சிகளையும் சான்றுகளையும் காட்டலாம். ‘பழைய கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் உள்ளே புகுந்து பார்த்தேன்’ என்று பெருமையாகச் சொன்னால், கேட்பவர் மனத்துக்குள் தம் கம்பெனியை நினைத்துக்கொள்வார்.

சைபர்999 உதவி மையத்தின் தொலைபேசி எண் 1-300-88-2999. புகார் செய்யும்போது எந்தத் தளம், எந்த நேரம், என்ன தெரிந்தது என்ற குறிப்பைக் கையில் வைத்திருங்கள். அடுத்தவர் சம்பளச் சீட்டை அல்ல.